பதினேழாம் ஜாடி

பதினேழாம் ஜாடியின் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. துணியால் அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. பனி உள்பக்கம். வெள்ளிக்கிழமைதான் அவளே ஊசியால் ஃபார்மலினை விளிம்புவரை ஏற்றி, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி அடைத்திருந்தாள். மெழுகில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் திரவம் இரண்டு விரற்கடை இறங்கி, உள்ளேயிருந்த நுரையீரலின் உச்சி வெளியே தெரிந்தது.

அது அவளுடைய அக்காவின் நுரையீரல்.

நெஞ்சுநோய்க்கு மருந்து கண்டுபிடித்த பெரிய டாக்டரின் வீடு, இப்போது அருங்காட்சியகம். அவருடைய பேனா, மூக்குக்கண்ணாடி, செருப்புக்குக்கூட விளக்க அட்டை உண்டு. மருந்து பிடிபடும்வரை அதைச் சோதனைக்காகக் குடித்துக் குடித்துச் செத்த நாற்பது மில் பெண்களின் நுரையீரல் ஜாடிகளுக்கு வெறும் எண். அக்காவின் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த எண் பதினேழு. அதைத் தேடித்தான் இந்தத் துடைக்கும் வேலைக்கே வந்தாள். அடக்கம் பண்ணக் கொடுங்கள் என்று எழுதிய மூன்று மனுவும் கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டன. நாளை அலமாரிக்குக் கண்ணாடி பொருத்தி, சுவரோடு பூசி நிரந்தரமாக மூடப்போகிறார்கள்.

மத்தியானம் மூன்று மணி. ஜன்னல்கள் சாத்திய அறையில், ஃபார்மலின் நெடிக்கு அடியிலிருந்து, அக்கா மில்லிலிருந்து வரும்போது தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வருமே அந்த ஈரப் பஞ்சு வாடை, மெல்ல மெல்லக் கிளம்பி அவள் தொண்டையில் வந்து உட்கார்ந்தது. பதினெட்டிலும் பனி. பத்தொன்பதிலும்.

நிர்வாகி புது அட்டைகளோடு உள்ளே வந்தார்.

"இதையெல்லாம் ஒட்டிடும்மா."

'மனமுவந்து அளித்தது.' நாற்பது அட்டையிலும் அதே அச்சு.

"எங்க அக்கா யாருக்கும் எதையும் குடுக்கல சார். இருமலுக்கு மருந்து வாங்கத்தான் வந்தா."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? பெரிய மனுஷன் பேரைக் கெடுக்காதே. உங்க அக்கா மூச்சு ஊருக்கே பயன்பட்டிருக்கு, சந்தோஷப்படு."

அலமாரியில் ஒரு சத்தம். உறிஞ்சும் சத்தம். எல்லா ஜாடியிலும் பனி ஒரே நேரத்தில் விலகியது.

நிர்வாகி மேலும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. மறுபடி திறந்தார். நெஞ்சைப் பிடித்தார். முழங்கால் மடிந்தது. உதடு நீலம்.

அவளுக்கு மூச்சு நன்றாகவே வந்தது. அதுதான் பயமாக இருந்தது. ஓடிப்போய் யாரையாவது கூப்பிட வேண்டும். கால் நகரவில்லை. நகர்த்த மனமும் இல்லை.

ஜாடிகளுக்குள் நுரையீரல்கள் விரிந்தன. சிவந்தன. கண்ணாடியை முட்டின.

பிறகு, தொண்டையே இல்லாத பதினேழு இருமியது. அதன் பின்னாலேயே மீதி முப்பத்தொன்பதும்.