பெட்டிக்குள் ஒரு மாதா!

"ஐயோ...!"

ஆக்லாந்து நகரின் எப்சம் வட்டாரத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையை அந்த அலறல் கிழித்தது.

அலறியவள் தாரிணி, மருந்தாளுநர். பூங்காவில் நடந்துவிட்டு, காலணிகளை வாசலிலேயே கழற்றிவிட்டு, அப்போதுதான் உள்ளே நுழைந்தாள்.

வரவேற்பறைக் கம்பளத்தின்மேல் சுந்தரம் கிடந்தார். குப்புற!

ஆக்லாந்துத் தமிழர் சிலரை இத்தாலிக்கு அழைத்துச் சென்று, நேற்றுத்தான் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்த அதே சுந்தரம்!

தலையருகே ஒரு வெண்கல ஓநாய். ரோமாபுரியில் வாங்கி, கைப்பையிலேயே தாரிணி சுமந்துவந்த சிலை. ஓநாயிடம் பால் குடிக்கும் இரட்டைக் குழந்தைகள். குழந்தைகளின்மேல் இரத்தம்!

குளியலறைக் கதவு திறந்தது. ஈரத் தலையுடன் ஓடிவந்தான் அவள் கணவன் பழனிவேல்.

"என்னடி பண்ணின?"

"நானா...? இப்பத்தாங்க உள்ள வரேன்!"

அலறலைக் கேட்ட பக்கத்து வீட்டு ஜெயா, அதற்குள் காவல்துறையை அழைத்துவிட்டாள்.

துப்பறியும் அதிகாரி நரேந்திரன் வந்தார். மலேசியத் தமிழர். வந்தவர் உட்காரவில்லை. சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டேயிருந்தார்.

"கொஞ்சம் உட்காருங்களேன், சார்..." என்றான் பழனிவேல்.

"உட்கார்ந்தா எனக்கு மூளை ஓடாது-லா. நீங்க உட்காருங்க. உங்க கால்தான் ரொம்ப ஆடுது!"

படுக்கையறையிலிருந்து காவலர் ஒருவர் குரல் கொடுத்தார்.

தாரிணியின் பயணப்பெட்டி. அதற்குள் அவளுடைய சுங்குடிப் புடவை. புடவைக்குள்...

ஒரு மரப்பலகை ஓவியம்!

தங்கப் பின்னணி. நீல முக்காடு. தாயின் முக்காட்டைக் கைக்குள் இறுக்கிக்கொண்ட குழந்தை.

தாரிணி குனிந்து பார்த்தாள்.

"இது... மலைமேல அந்தச் சின்ன சர்ச்ல பார்த்த மாதா! எழுநூறு வருஷப் படம். இங்க எப்படி...?"

"இத்தாலி முழுக்க இதைத் தேடறாங்க, மேடம். இங்க உங்க பெட்டியில தூங்குது!"

"படப் பைத்தியம் சார் இவ!" பழனிவேல் துள்ளி எழுந்தான். "நாங்க எல்லாரும் வெளியில ஜெலாட்டோ ஐஸ்கிரீம் சாப்பிடறோம். இவ மட்டும் இந்தப் படத்து முன்னாடி நின்னவ நின்னவதான்! ரோம்ல ஒரு பழைய கோயில்... கூரை நடுவுல இருக்கற ஓட்டை வழியா மழை கொட்டுது. குடையை மடக்கிட்டு நனையறா!"

"ரெண்டாயிரம் வருஷமா அந்தத் தரையில அப்படித்தாங்க மழை விழுது. நனையாம எப்படி வர்றது? நீங்க அப்பவும் சாம்பார் எங்க கிடைக்கும்னு போன்ல தேடிக்கிட்டிருந்தீங்க!"

"தினமும் பாஸ்தா போட்டா மனுஷன் என்ன பண்ணுவான்?"

"ரோம்ல மிளகும் சீஸும். ஃப்ளோரன்ஸ்ல ரொட்டி போட்ட பீன்ஸ் சூப். மலையில தேன் ஊத்தின ஆட்டுப்பால் சீஸ்... ஊருக்கு ஊர் ருசி மாறிச்சே! உங்க நாக்குதான் மாறல."

நரேந்திரன் சட்டென்று நின்றார்.

"சாப்பாட்டுச் சண்டை அப்புறம்! இங்க ஒரு ஆள் செத்துக் கிடக்கறாரு. இந்தப் படத்தைப் பெட்டியில வெச்சது யாரு?"

"இவதான்! ரோம் ஹோட்டல்ல கண்ணால பார்த்தேன், சார். புடவையில சுத்தி அடியில வெச்சா. காலண்டர்னு நினைச்சேன். அது மேல, திராட்சைத் தோட்டத்துச் சேறு ஒட்டின ஷூவை வேற திணிச்சா! விஷயம் தெரிஞ்சு சுந்தரம் கேக்க வந்திருப்பான். அடிச்சுட்டா!"

"ரோம்ல மூடின பெட்டி. அப்புறம் யாரும் திறக்கல?"

"உங்க ஆள் திறக்கற வரைக்கும் யாரும் தொடக்கூட இல்ல. சத்தியமா, சார்!"

தாரிணியின்மேல் கொலைப் பழி! தன்னைப் பூங்காவில் பார்த்தவை அங்கே மேயும் செம்மறியாடுகள் மட்டுமே. அவை சாட்சி சொல்ல வருமா?

"ஸ்டேஷனுக்குப் போகணும், மேடம். ஷூவைப் போட்டுக்குங்க."

வாசலுக்கு வந்தாள். குனிந்தாள்... அப்படியே நின்றாள்!

"சார்... இவர் சொன்ன ஷூ இதுதான்!"

"எது? பெட்டிக்குள்ள போனதா?"

"ஆமா! காலையில இதைப் போட்டுக்கிட்டுத்தான் நடந்தேன். பாருங்க... தோட்டத்துச் சேறு ஒரு பொட்டுகூட இல்ல!"

பழனிவேலின் கால் ஆடுவதை நிறுத்தியது.

"சேறு ஒட்டின ஷூ இருக்குன்னு ஏர்போர்ட்ல நானே டிக்ளேர் பண்ணினேன், சார். 'வாயை மூடிட்டு வாடி'ன்னு இவர் திட்டினார். நான் கேக்கல. வெளியூர்ச் சேத்தோட இந்த ஊர்த் தோட்டத்துக்கு நோய் வந்தா யார் பொறுப்பு? அந்த ஆபீசரம்மா பெட்டியையே மேசையில கவுத்து, புடவை புடவையா உதறிப் பார்த்தாங்க. ஷூவைக் கழுவித் தனிப் பையில போட்டுக் கையில குடுத்தாங்க. அப்ப மாதாவும் இல்ல, குழந்தையும் இல்ல!"

"உங்க வீட்டுக்காரர் எங்க இருந்தாரு?"

"காரை எடுக்கறேன்னு முதுகுப்பையை மாட்டிக்கிட்டு, வேற வரிசையில முன்னாடியே..."

அவள் மெல்லக் கணவனை நோக்கித் திரும்பினாள்.

"இதுக்குத்தான் ஓடினீங்களா!"

நரேந்திரன் தோட்டத்தில் நடந்தபடியே விமான நிலையத்துடன் பேசினார். திரும்பி வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"பெட்டியைக் கவுத்தது கேமராவுல தெளிவா இருக்காம்-லா. உங்க சத்தியம்தான் கொஞ்சம் மங்கலா இருக்கு, பழனிவேல் சார்!"

பழனிவேல் நாற்காலியில் சரிந்தான்.

"சுந்தரம்தான் சார் திருடினான்! என் பையில வெச்சுக் கொண்டுவரச் சொன்னான். காலையில வந்து, 'படத்தைக் குடு, உனக்குப் பங்கு கிடையாது'ன்னுட்டான். கையில ஓநாய் கிடைச்சுது... வாசல்ல இவ வர்ற சத்தம் கேட்டுது. பெட்ரூம்ல இருந்த பெட்டியில படத்தைச் செருகிட்டுக் குளியலறைக்கு ஓடினேன்..."

"பெண்டாட்டி பெட்டியில!" என்றாள் தாரிணி. "வெக்கறதுக்கு முன்னாடி அதுல ஷூ இருக்கான்னாவது பார்த்திருக்கலாமே!"

விலங்கு பூட்டப்பட்டது. வாசலில் காவல்துறைக் கார் உறுமிக்கொண்டு நின்றது. பழனிவேல் உள்ளே ஏறினான். கதவைச் சாத்தப்போன நரேந்திரன், தலையை உள்ளே நீட்டினார்.

"சார்... வேற ஏதாவது டிக்ளேர் பண்ணணுமா?"