சிப்பாயின் நாற்றம்

சிப்பாயைக் கார்பாலிக் சோப்புப் போட்டு இரண்டாம் முறை குளிப்பாட்டிய பிறகும் அந்த நாற்றம் போகவில்லை. தாசம்மாள் நாயின் காதுகளை மடித்துப் பார்த்தாள். விரலிடுக்குகளைப் பிரித்துப் பார்த்தாள். வாயைத் திறந்து முகர்ந்துகூடப் பார்த்தாள். நாய் சோப்பு மணத்தோடு, சுத்தமாக, கிணற்றடியில் நடுங்கிக்கொண்டு நின்றது. ஆனாலும் காற்று வீட்டுப் பக்கமிருந்து திரும்பும்போதெல்லாம், வெகுநாள் தண்ணீரில் ஊறி நைந்த மரக்கட்டையும் செத்த மீனும் ஒன்றாய்க் கலந்தது போன்ற ஒரு வாடை அவள் தொண்டைவரை வந்து ஒட்டியது.

எல்லாம் போன மாதத்திலிருந்துதான். அவள் புருஷன் சற்குணம் திருவனந்தபுரத்தில் சர்க்கார் உத்தியோகம் பார்த்தார். நிலப்படம் வரையும் வேலை. பெரியாற்று ஏரிக்கரையை அளக்க அனுப்பியபோது துணைக்கு நாயையும் கூட்டிப் போனார். திரும்பி வந்த அன்றே சிப்பாயின் மூக்கிலிருந்து கறுத்த அட்டை ஒன்று பாதி தொங்கியது. தாசம்மாள் உப்பை அப்பி, துணியால் பிடித்து இழுத்தாள். அது ரப்பர்போல நீண்டு, பிறகு வழுக்கிக்கொண்டு வந்தது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து நாயும் அடுக்களைப் படியைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

சற்குணம் மட்டும் ஆளே மாறி வந்திருந்தார். முன்பெல்லாம் சோற்றுத் தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலே எரிந்து விழுபவர். இப்போது குரலே உயர்வதில்லை. கலியாணமாகி எட்டு வருஷத்தில் அவளைச் சங்குமுகம் கடற்கரைக்குக்கூடக் கூட்டிப் போகாதவர், இந்தக் கோடை விடுமுறைக்கு ஏரிக்கே கூட்டிப் போவதாகச் சொன்னார். அதற்காக அவள் எதையும் பொறுத்துக்கொள்ளத் தயாராயிருந்தாள்.

மேசைமேல் அவரே வரைந்த படத்தை விரித்து, விரலால் காட்டுவார்.

"இங்கதான் பங்களா. நடையில நின்னா காலடியிலயே வெள்ளம். தண்ணிக்குள்ள மரமெல்லாம் நின்னபடி நிக்கும் பாத்துக்கோ. செத்துப்போன மரம். மேல வெறும் கொம்பு மட்டும் தெரியும்."

"ராத்திரி குளிருமோ?"

"நல்ல தணுப்பு. கொஞ்ச நேரத்துல பழகிரும்."

அவர் விரல் வைத்த இடமெல்லாம் காகிதம் ஊறி மை பரந்தது. சித்திரை வெயில், வேர்வை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"நாய அடுத்த வீட்டு உலகம்மைகிட்ட விட்டுட்டுப் போவோங்க. இந்த நாத்தத்த வச்சுக்கிட்டு எப்படிக் கார்ல இருக்க?"

"சிப்பாய் வரணும்." அவர் புன்னகை மாறவில்லை. "எல்லாத்தையும் கண்டவன் அவன்தானே. அவன இங்க விட்டுரப்பிடாது."

புறப்படும் நாளும் வந்தது. அந்தியில் வாடகைக் கார் வருவதாக ஏற்பாடு. தாசம்மாள் கம்பளிகளை மடித்துத் தகரப்பெட்டியில் அடுக்கினாள். நாயைக் கிணற்றடிப் பலாமரத்தில் கட்டிவிட்டு, வீடு முழுக்க பினாயில் ஊற்றிக் கழுவினாள். ஜன்னல்களைத் திறந்து வைத்தாள். அப்போதுதான் அடுத்த வீட்டு உலகம்மை, வழிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு தூக்கில் புளியோதரை கொண்டுவந்தாள். வாசலைத் தாண்டியதும் முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்தினாள்.

"என்னதுட்டீ இது? எலி கிலி செத்துக் கெடக்கா?"

"நாய்தான் அக்கா. எத்தனை குளிப்பாட்டினாலும்..."

"நாய் அங்க பலாமூட்டுல இல்லா நிக்கி? அது பக்கத்துல நின்னு தடவிட்டுத்தான வாறேன். ஒரு நாத்தமும் இல்ல. இங்க உள்ளயில்லா இருக்கு."

உலகம்மை தூக்கை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

தாசம்மாள் கூடத்தின் நடுவில் நின்றாள். பினாயில் நெடிக்கு அடியில், கனமாக, இனிப்பாக, அது இருந்தது. இத்தனை நாளும் நாயைச் சொல்லிக்கொண்டிருந்தது எவ்வளவு வசதியாயிருந்தது என்று இப்போது தோன்றியது. சாய்வு நாற்காலியின் துணியை முகர்ந்தாள். ஆணியில் தொங்கிய சட்டையை முகர்ந்தாள். அதிலும் அதே வாடை. படுக்கையறைக்குப் போய் அவருடைய தலையணையில் கையை வைத்தாள். பஞ்சு அமுங்கி, உறைக்கு வெளியே தண்ணீர் கசிந்தது. பழுப்புத் தண்ணீர். அதில் பாசி நூல்நூலாக ஓடியது. இந்தத் தலையணைக்குப் பக்கத்தில்தான் ஒரு மாதமாக அவள் முகம் வைத்துத் தூங்கியிருக்கிறாள். அவர் மூச்சு விடும் சத்தம் கேட்ட ஞாபகம் ஒரு ராத்திரியிலும் இல்லை.

வாயைப் பொத்திக்கொண்டாள்.

பின்கட்டில் நாய் ஊளையிட ஆரம்பித்தது.

"என்னங்க?"

குளியலறைப் பக்கம் போனாள். குளிக்கப் போனவர்தான். நேரமாகியிருந்தது. குளியலறைக் கதவின் அடியிலிருந்து தண்ணீர் வழிந்து நடைவரை பரந்திருந்தது. அதை மிதிக்காமல் போக வழியில்லை. மிதித்தாள். வழவழத்தது. கதவைத் தள்ளினாள்.

கல்தொட்டிக்கு முன்னால் சற்குணம் மண்டியிட்டிருந்தார். பயணத்துக்கு எடுத்து வைத்த வெள்ளை உடுப்பு. பளபளக்கும் பூட்ஸ். இரண்டு கையும் தொட்டியின் விளிம்பில். தலை மட்டும், கழுத்துவரை, தண்ணீருக்குள்.

அசைவில்லை. ஒரு குமிழியும் இல்லை.

நாற்றம், பயம், எல்லாம் மறந்துபோயிற்று. புருஷன் முங்கிச் சாகிறான் என்பது ஒன்றுதான் தெரிந்தது. ஓடிப்போய்ப் பின்னந்தலை மயிரை இரு கையாலும் பற்றி, பலங்கொண்ட மட்டும் இழுத்தாள்.

தலை வரவில்லை.

மயிர் வந்தது. மயிரோடு தோலும் வந்தது. வெந்த உருளைக்கிழங்கின் தோல்போல, எதிர்ப்பே இல்லாமல், ரத்தமே இல்லாமல், உச்சியிலிருந்து கழுத்துவரை கழன்று அவள் விரல்களில் சுருண்டது. உள்ளே வெளுத்திருந்தது. வெளுத்து, ஊதி, ஓரங்களில் மீன் கொறித்த பள்ளங்களோடு.

அவளால் கையை உதற முடியவில்லை. கத்த வாயைத் திறந்தாள். நாற்றம்தான் உள்ளே போயிற்று.

தெருவில் கார் வந்து நின்றது. டிரைவர் ஒலிப்பானை அமுக்கினான். பலாமரத்தில் கயிறு அறுபடும் சத்தம். நாய் வேலியைத் தாண்டி ஓடும் சத்தம்.

தண்ணீருக்குள்ளிருந்து, குமிழி எழாமல், தெளிவாக, அந்தப் பிரியமான குரல் கேட்டது.

"வண்டி வந்தாச்சா, தாசு?"

தொட்டியின் விளிம்பிலிருந்த கை மெல்ல எடுபட்டு, பின்னால் தடவி, அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டது.