அடைக்கும் முன் எண்ண வேண்டும்

சனிக்கிழமை சாயங்காலம் அவன் தோள் உயரத்தில் நிறுத்திவிட்டுப் போன சிமெண்ட் பூச்சு, ஞாயிறு காலையில் நான்கு விரற்கடை மேலே ஏறியிருந்தது.

முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டான். வாரம் முழுக்க மருந்துக் கடையில் நின்றபடியே வேலை பார்க்கிறவன், விடுமுறை நாளில் கொத்து வேலையும் பார்த்தால் கண் இருட்டத்தானே செய்யும். ஆனால் கிட்டே போய்த் தடவியதும் தெரிந்துவிட்டது. அவன் பூசிய இடம் மேடும் பள்ளமுமாக இருந்தது. மேலே இருந்த பட்டை வழவழவென்று, இன்னும் ஈரமாக இருந்தது.

"நீ ஏதாவது பூசினியா?" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தான்.

"நான் பூசியிருந்தா சுவரு நேரா இருந்திருக்குமே" என்றாள் மனைவி.

ஆனால் அந்தப் பட்டை நேராகத்தான் இருந்தது.

புது வீட்டைக் கையில் வாங்கிய அன்று, பாக்கி வேலைப் பட்டியலில் பின்னறைப் பூச்சு, வயரிங், அலமாரிக் கதவு என்று அவனே பேனாவால் அடித்துத் தள்ளினான். குடிவந்த பிறகு தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, அதில் மிச்சம் பிடித்ததை வைத்துத்தான் பொடிசு என்று கூப்பிடும் ஆறு வயது மகளை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்தான். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மேஸ்திரி, ஒன்றுக்கு மட்டும் மல்லுக்கு நின்றார். பின்னறைச் சுவரில் தரையை ஒட்டி, முழங்கால் உயரத்துக்கு, ஒரு குழந்தை தவழ்ந்து நுழையும் அளவில் ஓர் ஓட்டை. இரண்டு சுவர்களுக்கு நடுவே குழாய்கள் போகும் இடுக்குக்கு அதுதான் வழி.

"இத மட்டும் நாங்களே அடைச்சிட்டுப் போறோம் சார்."

"நாலு செங்கல் வைக்கறதுக்கும் ஒரு கூலியா? நானே வெச்சுக்கறேன் மேஸ்திரி."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "சரி, வைங்க. ஆனா அடைக்கறதுக்கு முன்னாடி வீட்ல இருக்கற எல்லாரையும் எதிர்ல நிக்க வெச்சு எண்ணிக்குங்க. எங்க ஆளுங்க அப்படித்தான் அடைப்பாங்க. கூப்பிட்டா குரல் வருதேன்னு விட்டுடாதீங்க. கண்ணால பாக்கணும்."

அன்று இரவே அதை மனைவியிடம் நடித்துக் காட்டி, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. ஆனாலும் பூச்சைப் பாதியில் விடாமல் சாயங்காலம் வரை இழுத்துக்கொண்டிருந்தான். பின்னறையில் மின்சாரம் இல்லாததால், கூடத்திலிருந்து வயர் இழுத்து ஒரு பல்பைத் தொங்கவிட்டிருந்தான். அது காற்றே இல்லாமல் லேசாக ஆட, அவன் நிழல் செங்கல் மேல் நீண்டு சுருங்கியது. ஈரச் சிமெண்ட் வாடையோடு, வருஷக்கணக்கில் திறக்காத பெட்டியின் வாடையும் கலந்து வந்தது. அவன் கொத்துக் கரண்டியால் சாந்தை இழுக்கும்போதெல்லாம் சுவருக்குள்ளேயும் சர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது. குழாயில் தண்ணீர் போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். கையை நிறுத்தினான். உள்ளே அந்தச் சத்தம் ஒரு கணம் கழித்து நின்றது.

திரும்பிப் பார்த்தால், பொடிசு ஓட்டைக்கு முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நேற்றுதான் அதற்கு முன்பல் விழுந்திருந்தது. பேசினால் காற்றாக வரும்.

"அப்பா, உள்ள ஒரு பாப்பா இருக்கு. என்ன மாதிரியே இருக்கு."

"சும்மா இரு."

"நெஜமாப்பா. ஆனா அதுக்குப் பல்லு எல்லாம் இருக்கு."

குழந்தையை இழுத்துக் கூடத்தில் விட்டுவிட்டு, வாளியில் சாந்து குழைக்கப் பின்வாசலுக்கு ஓடினான். பூச்சாவது மண்ணாவது, முதலில் இந்த ஓட்டை. இன்றைக்கே. இப்போதே.

வாளியோடு திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. முதல் செங்கல்லைக் கையில் எடுத்ததும் மேஸ்திரி ஞாபகம் வந்தார். பயந்தவனுக்கு வெட்கம் ஏது? எண்ணிவிடலாம் என்று நினைத்தான். ஆனால் கையெல்லாம் சாந்து. சாந்தோ இறுகத் தொடங்கிவிட்டது.

"ஏம்மா, எங்க இருக்க?"

"அடுப்படியில!" என்றாள் மனைவி.

"பொடிசு?"

"இங்கதாம்பா இருக்கேன்!"

கூடத்திலிருந்துதான் குரல் வந்தது. தெளிவான குரல். இரண்டு பேர், தன்னோடு மூன்று. கணக்கு சரி என்று செங்கல்லை வைத்தான். மளமளவென்று நாலு வரிசை. மூச்சு வாங்கியது. கடைசிச் செங்கல் உட்கார்ந்ததும் நெஞ்சுப் பாரம் இறங்கியது போலிருந்தது.

டொக்.

சுவருக்குள்ளே.

டொக். டொக்.

"அப்பா..." என்றது உள்ளிருந்து. காற்றாக. பல் போன வாயின் குரல்.

கூடத்திலிருந்து வந்த குரல் தெளிவாக இருந்ததே. ரொம்பத் தெளிவாக.

பின்னால் காலடிச் சத்தம். பொடிசு அறைக்குள் வந்தது. அதே பாவாடை. அதே இரட்டைச் சடை. நகக்கண்ணில் எல்லாம் ஈரச் சிமெண்ட். அவனை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது.

ஒரு பல்கூடக் குறையவில்லை.

இரண்டு செங்கல்லுக்கு நடுவே சாந்து அசைந்தது. பிதுங்கியது. அதிலிருந்து ஒரு சின்ன விரல் நுனி வெளியே வந்து, காற்றைத் துழாவியது.

கத்த வேண்டும். பிடுங்க வேண்டும். கை எழவில்லை.

"எண்ணிட்டல்லப்பா?" என்றது அது, கீழே கிடந்த கரண்டியை எடுத்துக்கொண்டே. "மூணு பேர்தான். சரியா இருக்கு."

"எல்லாரும் சாப்பிட வாங்க!" என்று அடுப்படியிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"வந்துட்டோம்மா!" என்று பதில் சொல்லிவிட்டு, அது அந்த விரலின் மேல் சாந்தை அப்பி, நான்கு விரற்கடை அகலத்துக்கு, வழவழவென்று இழுத்துப் பூசியது.