இரண்டாவது ஆள்

மேசைமேல் கிடந்தது ஒரே ஒரு கருவி. செரைனாவின் கையிலிருந்த கருவியோ இரண்டு ஆளைக் காட்டியது.

உள்ளங்கையில் தட்டிப் பார்த்தாள். மறுபடியும் இரண்டு.

வெளியே மலை வெயிலை விழுங்கிவிட்டிருந்தது. கொதித்து ஆறிய பார்லிக் கஞ்சி வாசமும், பரணிலிருந்து இறக்கிய பனிச்சறுக்குப் பலகைகளின் மெழுகு வாசமும் கலந்து கிடந்த அடுப்படிக்குள், இன்னொரு வாசமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவந்தது. புதுப்பனி வாசம். ஜன்னல் எல்லாம் சாத்தித்தான் இருந்தது.

கூடத்தில் அவள் புருஷன் ஆண்ட்ரி ஹோட்டல்காரியோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். "அதே ரூம்தான், மலையைப் பார்த்தது... இல்லம்மா, மூணு பேர் இல்ல. ரெண்டு பேர்."  போனை வைத்துவிட்டு வந்தான். "ஜன்னலோர மேசை கிடைச்சிருச்சு. அங்க சீஸ் உருக்கி ஊத்தறதுக்கே கோட்டுப் போட்டவன் ஒருத்தன் வருவானே, ஞாபகமிருக்கா?"

மகன் ஃப்ளூரின் அந்தக் கோட்டுக்காரனைப் போல நடந்து காட்டுவான். அவள் சிரிக்கவில்லை.

மகன் பனிச்சரிவில் புதைந்து போனது அந்த ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த மலையில், போன பிப்ரவரியில். மேலே போகிற யாரும் இந்தக் கருவியை நெஞ்சில் கட்டாமல் போவதில்லை. பனிக்குள் புதைந்தவனின் கருவி ஓயாமல் கூப்பிடும். மேலே நிற்பவர்கள் அந்த நொடியே தங்கள் கருவியைத் தேடுவதற்குத் திருப்பிவிட வேண்டும். பதறிப்போன ஆண்ட்ரி திருப்ப மறந்தான்; அவன் கருவியும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அம்பு காட்டிய வழியே விழுந்தடித்து ஓடினவள் போய் முட்டியது புருஷன் மேல். அவன் கருவியை நிறுத்திவிட்டுத் திரும்ப ஓடும்போது அடுத்த பனிச்சரிவு இறங்கிவிட்டது. பனியாற்றின் வெடிப்புக்குள் போன பிள்ளை கோடையிலும் கிடைக்கவில்லை.

அவன் தனியாகக் கிடக்கிறானே என்றுதான் இந்தப் பயணத்துக்கே ஒத்துக்கொண்டாள். கிளம்புமுன் புது பேட்டரி போட்டுச் சோதிப்பது வீட்டு வழக்கம்.

"ஆண்ட்ரி, உன்னோடத அமத்து."

"ஏன்? சோதிக்கணும்னு நீதானே சொன்ன?" மேசைமேல் கிடந்த தன் கருவியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். அவள் கையிலிருந்த அம்பும் அவன் பின்னாலேயே திரும்பியது.

"ரெண்டு காட்டுது."

"பக்கத்து வீட்டுக்காரனும் சோதிப்பான். சீசன் வருதுல்ல?"

"அவன் மலை ஏறி எத்தனை காலமாச்சு! அமத்துடா!"

"செரைனா, ஒரு வருஷம் எந்த பேட்டரியும் தாங்காது. அவன்..."  கருவியை நெஞ்சோடு பிடித்தபடி அங்கேயே நின்றான். அன்றைக்குப் பனியில் நின்ற மாதிரியே.

பாய்ந்து பிடுங்கினாள். பேட்டரி மூடியைத் திறக்க நகம் பிய்ந்தது. பேட்டரி உருண்டோடியது.

ஒன்று.

அம்பு திரும்பியது. அடுப்பைத் தாண்டி. மூலைக்கு. தூரம் காட்டும் எண் இறங்கியது. பீப் சத்தம் நெருங்கியது.

மண்டியிட்டாள். கருவியைத் தரையோடு ஒட்டி நகர்த்தினாள். முன்னே. பின்னே. குறுக்கே. பனிமேல் செய்கிற மாதிரியே. ஓரிடத்தில் எண் அதற்குமேல் இறங்கவில்லை.

அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிற தரை. அதில் பதித்த அந்த ஒரு ஓடு மட்டும் ஜில்லென்று.

அதன்மேல் வெள்ளையாக உறைபனி. வாயளவு வட்டம். விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.

"மூச்சு விடறான்," என்றாள். "ஆண்ட்ரி, மூச்சு விடறான்!"

அவன் பையிலிருந்த மண்வாரியை உருவிவந்து ஓங்கினான். ஓட்டில் கீறல்கூட விழவில்லை. ஓங்கினான். மறுபடி ஓங்கினான்.

வட்டம் மெல்ல விரிந்தது. மெல்லச் சுருங்கியது.

"ஃப்ளூரின், அம்மா இங்கதான்டா இருக்கேன்." கன்னத்தைத் தரையில் வைத்தாள்.

விரிந்தது.

சுருங்கவில்லை.

அடியிலிருந்து அவன் கருவி மட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.