ஆள் இருக்கும் அறை

சுவரோரத்தில் சூடான காற்றை விடும் வென்ட் டக்கென்று மூடிக்கொண்டது. அதுவரை சாலிஹாவின் பாதங்களைத் தடவிக்கொண்டிருந்த வெதுவெதுப்பு நின்றுபோயிற்று.

வெளியே காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. பிரிட்ஜ்வாட்டரில் டிசம்பர் மாதம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும்; அன்று நாலரைக்கே ஜன்னலுக்கு வெளியே சாலையும் இல்லை, எதிர்வீடும் இல்லை, சாம்பல் நிறத்தில் ஏதோ விழுந்துகொண்டே இருந்தது. காரேஜ் வாசலில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்ததிலிருந்து அவள் மாடி அறையை விட்டு இறங்கவில்லை. கணவன் நஜ்முதீன் ஆபீஸிலிருந்து திரும்பும் வழியில் ஃப்ரீவேயில் மாட்டிக்கொண்டிருந்தான். அவனைப் போனில் கூப்பிட்டாள்.

"என்னங்க, ரூம்ல ஹீட்டிங் நின்னுடுச்சு."

"நீ அசையாம படுத்திருப்ப. ஆள் இல்லன்னு சென்சார் நெனச்சிருக்கும். கைய ஆட்டு, வந்துடும்."

புதிய தெர்மோஸ்டாட்டை அவன்தான் தேடித் தேர்ந்தெடுத்தான். ஆள் நடமாடும் அறைக்கு மட்டும் சூடு. மற்ற அறைகளில் வென்ட் தானாக மூடிக்கொள்ளும். எனர்ஜி வீணாகாது என்றான். திருகுகிற பழைய டயலே போதும் என்று அவள் சொன்னது எடுபடவில்லை.

கையைத் தூக்கப் போனவள் நிறுத்தினாள். கீழே, வீட்டின் அடியில், வேறொரு வென்ட் திறந்தது.

"ஏங்க, ஆப்ல பாருங்க. கீழ எந்த ரூம் ஆன் ஆகியிருக்கு?"

கார் வைப்பரின் கீச்சொலிக்கு நடுவே அவன் படித்தான்.

"பேஸ்மென்ட்ல ஆள் இருக்குன்னு காட்டுது. யாராச்சும் வந்திருக்காங்களா?"

"இந்த ஸ்னோல யாரு வருவா?"

"சென்சார் கோளாறா இருக்கும்." பிறகு அவன் குரல் தாழ்ந்தது. "இப்ப கிச்சன்னு காட்டுது. சாலிஹா, போன கட் பண்ணிட்டு 911 கூப்பிடு."

கூப்பிட்டாள். சாலையில் பனியை வழித்த பிறகுதான் போலீஸ் கார் வர முடியும், கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருங்கள் என்றாள் ஒரு பெண். கீழே சமையலறையில் ஏதோ தரையை உரசிக்கொண்டு நகர்வது கேட்டது.

மாவுக்கட்டுக் காலை இழுத்து, சுவரைப் பிடித்து, ஒற்றைக்காலில் தத்திப் போய்க் கதவைப் பூட்டினாள். அவள் அசைந்ததும் அறையின் வென்ட் திறந்தது. டக்.

கீழே அந்த உரசல் சத்தம் சட்டென்று நின்றது.

பிறகு திரும்பியது. படிக்கட்டை நோக்கி வந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் அசைந்தால் வென்ட் திறக்கும். வென்ட் திறந்தால் அதற்குக் கேட்கும்.

ஜன்னலைத் தள்ளிப் பார்த்தாள். சட்டத்தோடு சட்டமாக உறைந்து இறுகியிருந்தது. ஜன்னலோரக் கட்டிலில் சரிந்து, போனைக் கவிழ்த்து, அப்படியே கிடந்தாள். கொஞ்ச நேரத்தில் வென்ட் மூடிக்கொண்டது. அவள் இங்கே இல்லை என்று வீடு நினைத்துக்கொண்டது.

குளிர் கண்ணாடியிலிருந்து இறங்கித் தலையணையில் பரவி, காதுமடலைக் கடித்து, கழுத்து வழியாக முதுகுக்குள் நுழைந்தது. போர்வை முழங்காலருகே சுருண்டு கிடந்தது. எட்டும் தூரம்தான். இழுக்கவில்லை. பற்கள் தந்தியடிக்காமலிருக்க நாக்கை இடையில் கொடுத்தாள். கலிமாவை உதடசையாமல் மனதுக்குள் ஓதினாள்.

படிகள் ஒவ்வொன்றாக முனகின. கதவிடுக்கு வழியாக வாடை வந்தது. ஈரத் துணியை நாள்கணக்கில் மூடி வைத்தால் வருமே, அந்த வாடை. கைப்பிடி பாதி திரும்பியது. பூட்டு தடுத்தது. மெதுவாகப் பழைய இடத்துக்கே வந்தது.

பிறகு ஒன்றுமில்லை.

நெடுநேரம் ஒன்றுமில்லை.

தொலைவில், தெருக்கோடியில், பனி வழிக்கும் வண்டியின் உறுமல் கேட்டது. அழுகை முட்டியது. அதையும் விழுங்கினாள். இன்னும் கொஞ்சம். அசையாதே.

டக்.

வென்ட் திறந்தது. இந்த அறையின் வென்ட்.

அவள் அசையவில்லை.

சூடான காற்று முகத்தில் மோதியது. ஈரத்துணி வாடை இப்போது மிகப் பக்கத்தில். மூச்சை அடக்கிக்கொண்டாள். கண்ணை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

கண்ணாடியின் உள்பக்கத்தில், அவள் முகத்துக்கு ஒரு சாண் மேலே, வட்டமாக ஆவி படர்ந்தது. சுருங்கியது.

மறுபடி படர்ந்தது.