அறுபத்தொன்றாவது திரை

விஜயதசமியன்று காலை பதினோரு மணிக்கு, கேளம்பாக்கம் கணினித் தேர்வு மையத்தின் பாதி இறங்கிய ஷட்டருக்கடியில் குனிந்து உள்ளே நுழைந்தான் அஃப்தாப். முதல் நாள் ஆயுத பூஜையின் கற்பூர வாசனை இன்னும் கலையவில்லை. அறுபது கணினிகளின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். அவற்றைக் கட்டி மேய்க்கும் சிஸ்டம் அட்மின் வேலையில் சேர்ந்து அவனுக்குப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மறுநாள் ஒன்பது மணிக்குத் தேர்வு. அதற்குள் அறுபதிலும் புதிய மென்பொருளை ஏற்றியாக வேண்டும்.

ஆனால் மனசு முழுக்கப் புதுப்பட்டினத்தில் இருந்தது. நிறைமாதத்தில் அவன் மனைவி ஹனியா வீட்டில் தனியாக இருந்தாள். அவளுடைய அம்மா சாயங்காலம்தான் வருவார். இரண்டு மணிக்குள் முடித்துவிட்டு பஸ் ஏறிவிட வேண்டும் என்பது அவன் கணக்கு.

அஃப்தாப் சோம்பேறி இல்லை, ஆனால் அவசரக்குடுக்கை. ஒவ்வொரு கணினி முன்னாலும் உட்கார்ந்து ஏற்றினால் விடிந்துவிடும். இந்தத் தொழிலில் யாரும் அப்படிச் செய்வதுமில்லை. நன்றாக ஓடும் ஒரு கணினியை அப்படியே நகலெடுத்து மற்றவற்றில் இறக்கிவிடுவார்கள். அதற்குத் தோதாக அட்மின் அறை மூலையில் ஒன்று கிடந்தது. அவனுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த பரணிதரன் என்பவருடையது. புதிய மென்பொருளை மட்டும் அதில் ஏற்றினான்; வேண்டிய மற்றதெல்லாம் ஏற்கெனவே இருந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று, முந்தின நாளே அந்த நகலை ஹனியாவின் பழைய லேப்டாப்பில் இறக்கிப் பார்த்தான். ஜோராக ஓடியது.

ஒன்றை மட்டும் மறந்துபோனான். நகலெடுப்பதற்கு முன் மூலக் கணினியின் பெயரையும் அடையாளத்தையும் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால், இறங்குகிற இடத்திலெல்லாம் அது தன்னைப் பழைய ஆளாகவே நினைத்துக்கொள்ளும்.

ஒன்றரை மணிக்கு எல்லாம் இறங்கி முடிந்தது. அத்தனை கணினிகளையும் ஒரே திரையில் காட்டும் சின்னக் கருவியைத் திறந்தான். கணினிக்கு ஒரு கட்டம். ஓடிக்கொண்டிருந்தால் பச்சை, அணைந்திருந்தால் சாம்பல். உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுப்பலாம், அணைக்கலாம், எல்லாத் திரைக்கும் செய்தி அனுப்பலாம், பதிலும் வாங்கலாம். அட்மின்களுக்கு இது இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி.

எல்லாக் கட்டங்களுக்கும் கீழே ஒரே பெயர் இருந்தது. பரணி. பரணி. பரணி.

தலையில் அடித்துக்கொண்டான். வேலை இரட்டிப்பானதே என்ற எரிச்சல்தான் அப்போது. மொத்தமாக அணைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம் என்று கூடத்துக் கணினிகள் அத்தனைக்கும் பொத்தானை அழுத்தினான். கட்டங்கள் சாம்பலாயின. கண்ணாடிச் சுவருக்கு அப்பால், கூடத்தின் இரைச்சல் அடங்கியது.

பிறகு கடைசி வரிசையில் ஒரு திரை வெளிச்சமானது.

அவன் எதையும் தொடவில்லை.

அடுத்தது. அதற்கடுத்தது. கடைசி வரிசை முடிந்து அதற்கு முந்தின வரிசை. வெளிச்சம் அவனை நோக்கி மெதுவாக வந்துகொண்டிருந்தது. கற்பூர வாசனை போய், பிளாஸ்டிக் கருகும் நெடி மூக்கில் ஏறியது.

அறுபது திரைகளிலும் ஒரே செய்தி எழுந்தது.

'கதவத் தொறங்க.'

அனுப்பியவர்: அட்மின்.

அட்மின் அவன்தான். அவனுடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. வாட்ச்மேன் சுப்புராமன் கையில் டீயோடு நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

"தம்பி... பரணி சார் மிஷினத் தொட்டியா?" கிசுகிசுத்தார்.

"இன்னா அண்ணாத்த இதெல்லாம்? யாரு அனுப்பறது?"

"போன வருசம் இதே லீவு. பின்னாடி பேட்டரி ரூம்ல அவரு வேல பாத்துகினு இருந்தாரு. எனக்குத் தெரியாதுப்பா. காலி ரூமுன்னு வெளிய பூட்டிட்டு சாப்டப் போய்ட்டேன். பேட்டரி வெடிச்சு ஒரே பொகை. மூச்சு முட்டியே போய்ட்டாரு." அவர் உதடு கோணியது. "போனு இங்க டேபிள் மேல. அந்த மிஷினு அப்ப உள்ள இருந்துச்சு. அதுலேந்து இதையேதான் அனுப்பிகினே இருந்துகிறாரு. நான் வந்து பாக்கறேன், அறுபதுலயும் இதே எழுத்து. லீவு நாளு தம்பி. படிக்க யாரு கீறாங்க?"

அஃப்தாப் அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினான். திறந்துவிட்டால் நின்றுவிடும் என்று ஒரு நப்பாசை. பூட்டு திறந்தது. உள்ளே கரி படிந்த சுவர்தான் இருந்தது, வேறொன்றுமில்லை. கதவின் உட்பக்கத்தில் மட்டும், தரையிலிருந்து கைப்பிடிவரை, கரியைத் தேய்த்த விரல் தடங்கள்.

திரும்பி வந்தபோதும் செய்தி நிற்கவில்லை. மேலே மேலே வந்து விழுந்துகொண்டே இருந்தது. அறுபது கட்டங்களின் கீழும் 'படிக்கப்படவில்லை' என்றிருந்தது.

பட்டியல் அறுபதோடு முடியவில்லை. ஹனியாவின் லேப்டாப்பையும் அவன் இந்தக் கருவியில் சேர்த்து வைத்திருந்தான். வேலைக்கு நடுவே 'சாப்டியா' என்று அட்மின் பெயரில் செய்தி போட்டு அவளைச் சிரிக்க வைப்பான். பட்டியலைக் கீழே இழுத்தான். அறுபத்தொன்றாவது கட்டம் பச்சையாக இருந்தது.

'படிக்கப்பட்டது.'

அதற்குக் கீழே அவளுடைய பதில்.

'இருங்க மச்சான், தொறக்கறேன்.'

அவளுக்குப் போன் போட்டான். நான்காவது மணியில் எடுத்தாள்.

"ஹனியா, கதவத் தொறக்காத!"

"தொறந்துட்டேனே. நீங்கதான மெசேஜ் மேல மெசேஜ் போட்டீங்க?"

"யாரு கீறா வாசல்ல?"

"யாரும் இல்ல மச்சான். கருகுன நாத்தம் மட்டும் உள்ள வந்துச்சு. என்ன இடிச்சிகினு போன மாரி இருந்துச்சு. பயமா கீது."

"செருப்புகூடப் போடாத. பக்கத்து வூட்டு வச்சலாக்கா கிட்ட ஓடு."

அவன் சொல்லி முடிப்பதற்குள், கூடத்தில் அறுபது திரைகளும் ஒன்றாக அணைந்தன. ஒரு வருஷமாகத் தேடிய வாசல் கிடைத்துவிட்டது போல, மையத்துக்குள் அப்படியொரு அமைதி. சுப்புராமன் சுவரில் சாய்ந்து அழுதார். அஃப்தாபுக்கு அவரைத் தேற்றவும் தெம்பில்லை, திட்டவும் தெம்பில்லை.

அதன் பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் செய்தான். பரணிதரனின் கணினியைத் தொடாமல், அறுபதையும் முதலிலிருந்து ஏற்றினான். ஹனியாவின் லேப்டாப்பிலிருந்து டிஸ்க்கைக் கழற்றிச் சுத்தியலால் நொறுக்கினான். பள்ளிவாசல் ஹஜ்ரத்தை அழைத்து வந்து வீடு முழுக்க ஓத வைத்தான். ஐந்தாம் நாள் மகள் ஆயத் பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலம் என்று கேட்டதும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில், பகலெல்லாம் வாசல் கதவு திறந்தே கிடப்பதைக் கவனித்தான். காற்றுக்காக இருக்கும் என்று விட்டுவிட்டான். அன்று மத்தியானம் கடல் காற்று மணலை வாரி உள்ளே கொட்டியது. குழந்தை முகத்தில் படுமே என்று எழுந்து போய்க் கதவில் கை வைத்தான்.

தூளியை ஆட்டிக்கொண்டிருந்த ஹனியா தலை நிமிராமல், மிக மெதுவாகச் சொன்னாள்.

"மூடாதீங்க மச்சான். மூடுனா இருமறாரு. புள்ள முழிச்சுக்கும்."