நடுவழியில் நின்ற கச்சேரி

செரஸ் குறுங்கோளின் ஆழ்துறை நகரத்தில் அன்றைக்கு ஒரு காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்தார்கள். மருத்துவ எந்திரம் அதன் காதுமடலுக்குப் பின்னால் ஊசியை இறக்கி, அரிசிமணியில் பாதி இருக்கும் செவித்துளியை எலும்போடு ஒட்டவைத்தது. குழந்தை வீறிட்டது. பிறகு சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு வியப்போடு கூரையைப் பார்த்தது. அதன் முதல் பாட்டு ஒலிக்கத் தொடங்கியிருந்தது. அது என்ன பாட்டு என்று அங்கிருந்த யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் கேட்கவும் இல்லை.

பனிச்சுரங்கத் துளைப்பான்கள் ஓயாமல் இரைகிற ஊர் அது. முதலில் குடியேறியவர்கள் அந்த இரைச்சலிலிருந்து தப்பிக்கத்தான் செவித்துளியைக் கண்டுபிடித்தார்கள். வெளிச்சத்தம் முழுவதையும் அது வடிகட்டிவிடும். எதிரில் நின்று முகம் பார்த்துப் பேசுகிறவரின் குரலை மட்டும் உள்ளே விடும். மற்ற நேரமெல்லாம் அவரவர் மனநிலை அறிந்து அவரவர்க்குப் பிடித்ததை ஒலிக்கும். விருந்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு தாளத்தில் தலையசைத்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கணவன் துள்ள, மனைவி கண்ணீர் மல்க, ஒரே தட்டிலிருந்து வடையைப் பிட்டுத் தின்றார்கள்.

கூடத்தின் மூலையில் மூன்று பேர் ப்ளூஸ் ராக் வாசித்தார்கள். கேட்டவர்களும் அவர்கள் மூவர்தான். வாசிக்கும்போது அவர்கள் தங்கள் செவித்துளியை அழுத்தி அணைத்துவிடுவது வழக்கம்.

கிதார் வாசித்தவள் நாச்சியார். பனியை உருக்கிக் குடிநீராக்கும் நிலையத்தில் அவளுக்கு வேலை. பேஸ் கிதாரில் எட்வின், மருத்துவமனைச் செவிலியன். டிரம்ஸ் மைமூனுடையது. அவள் பள்ளியில் கணக்கு சொல்லித்தருகிறாள். செரஸில் எடை என்பது பெயருக்குத்தான். தட்டிய குச்சி தானாக மேளத்தில் விழாது. ஒவ்வோர் அடியையும் மைமூன் கையால் கீழே இழுத்து அடிக்க வேண்டும். அவள் முன்கைகள் சுரங்கத் தொழிலாளியின் கைகளைப்போல முறுக்கேறியிருந்தன.

குழந்தையின் தாய்மாமன் கனகவேல் மரியாதைக்காக அருகில் வந்து நாச்சியாரின் முகத்துக்கு நேரே நின்றார். ஊரின் சரக்கு லிஃப்டுக்கு அவர்தான் மேற்பார்வையாளர்.

"இதுல யாரும்மா பாடுறது?"

"யாரும் பாடலீங்க. வாசிக்கிறது மட்டும்தான்."

"பாட்டே இல்லையா? அப்போ எதுக்கு மூணு பேரு?"

அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். திரும்பியதுமே அவர் முகம் வேறொரு இசையின் சுகத்தில் இளகியதை நாச்சியார் பார்த்தாள்.

பூமியில் பருத்திக் காடுகளில் உழைத்தவர்களின் வலியிலிருந்து பிறந்து, பிற்காலத்தில் மின்கிதாரோடு உரக்கப் பேசக் கற்றுக்கொண்ட இசை அது. ஒரே சுற்று திரும்பத் திரும்ப வரும். அதைவிட்டு வெளியேறாமல், அதற்குள்ளேயே கிதார் தன் வழியைத் தேட வேண்டும். நாச்சியாருக்கு அதில் பிடித்ததே அதுதான். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அந்தத் தேடலைக் கூடவே வந்து கேட்க வேண்டும் என்பது அவளுடைய ஏக்கம்.

ஏக்கத்தோடு ஒரு கவலையும் இருந்தது. ஆழ்துறையில் கூட்டம் கூடினால் கூடுதல் காற்று செலவாகும். அதற்குக் காற்று வாரியம் உரிமம் தரும். இந்தப் பருவம் முடிவதற்குள், கடைசிவரை இருந்து கேட்கிற ரசிகர்கள் இருப்பதைக் காட்டாவிட்டால் மூவரின் உரிமமும் போய்விடும். ஒத்திகை அறையைக் காளான் வளர்ப்புக்குக் கொடுத்துவிடுவார்கள்.

விருந்து முடிந்து எல்லோரும் மேல்தளத்துக்குச் சரக்கு லிஃப்டில் கிளம்பினார்கள். மூவரும் வாத்தியங்களோடு ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டார்கள். இரும்புப்பாறை அடுக்கைக் கடக்கும்போது லிஃப்ட் குலுங்கி நின்றது. எங்கோ பனிப்பாறை விரிசல் விட்டு மின்தடம் அறுந்திருந்தது. செவித்துளியை இயக்கும் நகரத்தின் சமிக்ஞையும் அந்தப் பாறையைத் தாண்டி வராது; மற்ற நாட்களில் லிஃப்ட் அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடும். ஒரே நொடியில் எல்லோருடைய செவித்துளியும் ஓய்ந்தது.

முதலில் கேட்டது மூச்சு. அடுத்தவர் மூச்சு விடும் சத்தத்தை அவர்களில் பலர் அதற்குமுன் கேட்டதே இல்லை. ஒரு பெண் தன் காதைப் பொத்திக்கொண்டு, "யாரோ உள்ளே இருக்காங்க!" என்று அலறினாள். ஓர் ஆள் கதவை முட்டியால் குத்தினான். குத்திய சத்தம் அவனையே மிரட்ட, இன்னும் பலமாகக் குத்தினான். குழந்தைகள் அழுதன. கனகவேல் அவசரத் தொடர்பை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு முகம் வெளிறி நின்றார்.

"நாச்சி, இவங்க ஒருத்தரையொருத்தர் மிதிச்சிடப் போறாங்கடி," என்றாள் மைமூன்.

அவள் கதவைக் குத்துகிறவனைப் பார்த்தாள். அவனுடைய குத்துகளுக்கு இடையில் லிஃப்டின் சுவரை உள்ளங்கையால் தட்டினாள். அவன் குத்த, இவள் தட்ட, இரண்டும் சேர்ந்து ஒரு தாளமாயிற்று. அவன் திகைத்துத் திரும்பினான். ஆனாலும் கை நிற்கவில்லை. மெதுவாக அவளோடு ஒத்துப்போனது. எட்வின் மின்கல ஒலிபெருக்கிப் பெட்டியில் பேஸைச் செருகி அடியில் ஒரு நடையைப் போட்டான். இரும்புத் தரை அதிர்ந்தது. நாச்சியார் ஒரு தந்தியை இழுத்து வளைத்துப் பிடித்தாள். கேவல்போல எழுந்த அந்த ஒற்றைச் சுரம் லிஃப்ட் முழுவதும் நிறைந்து நின்றது.

அலறல் அடங்கியது. அழுத குழந்தைகள் வாய் திறந்தபடி பார்த்தன. நாச்சியார் என்ன வாசித்தாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. பயத்தை வாசித்தாள், காற்று தீர்ந்துவிடுமோ என்ற எண்ணத்தை வாசித்தாள். தன் எதிரே கனகவேல் கண்ணில் நீர் வழிய நிற்பதைப் பார்த்து அதையும் வாசித்தாள். அந்தச் சுற்று திரும்பத் திரும்ப வந்தது. யாரும் எங்கும் போக முடியாது. யாருக்கும் போகத் தோன்றவும் இல்லை.

மீட்புக்குழு கதவைத் திறந்தபோது உள்ளே இருந்தவர்கள், "கொஞ்சம் இருங்க, முடியட்டும்," என்று கைகாட்டினார்கள்.

மறுநாளே கனகவேல் குடிநீர் நிலையத்துக்கு வந்துவிட்டார். "அம்மா, இன்னொரு தடவை வாசிக்கணும். ஆனா அங்கேயேதான். வெளியில வெச்சா துளி விடாது. அதை அணைச்சுட்டு இருன்னு சொன்னா எவன் இருப்பான்? நானே இருக்க மாட்டேன்."

விடுமுறை நாளில் பராமரிப்பு என்று சொல்லி லிஃப்டை அந்த இரும்புப்பாறை நடுவே நிறுத்தினார். உள்ளே கொள்ளுமட்டும் ஆட்கள். அடுத்த விடுமுறைக்கு வரிசை நின்றது. அதற்கடுத்து வரிசை தளத்தைச் சுற்றி வளைந்தது. எடை குறைந்த ஊரில் கைதட்டினால் உடம்பு தரையைவிட்டு எழும்பும். ஒவ்வொரு வாசிப்பும் முடிந்ததும் லிஃப்டுக்குள் இருந்த அத்தனை பேரும் ஒரு சாண் எழும்பி மிதந்து இறங்குவார்கள். மூவரையும் தெருவில் நிறுத்திப் பேசினார்கள். வாரிய அதிகாரிகூட ஒருமுறை வந்து நெருக்கியடித்து நின்றுவிட்டுப் போனார்.

"அக்கா, நமக்குன்னு ஆளுங்க வந்துட்டாங்க," என்று எட்வின் சொல்லிச் சொல்லி மாய்ந்தான்.

ஐந்தாவதோ ஆறாவதோ நிகழ்ச்சியில் அது நடந்தது. வாசிப்பின் நடுவே இளம்பெண் ஒருத்தி தொண்டையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு மூச்சு முட்டுது, கதவைத் திறங்க," என்றாள். யாரும் வழிவிடவில்லை. "உஷ்!" என்றார் ஒருவர். "முடியட்டும்மா, எங்கே ஓடப்போற?" என்றார் இன்னொருவர். அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள். அவளைச் சுற்றி எல்லோரும் கண்மூடித் தலையசைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாச்சியார் கையை எடுத்துவிட்டாள். "லிஃப்டை மேலே ஏத்துங்க."

கூட்டம் முணுமுணுத்தது. கனகவேல் தயங்கினார். "பாதியில நிறுத்தினா எல்லாரும் கோவிச்சுக்குவாங்கம்மா."

"ஏத்துங்கன்னு சொல்றேன்!"

அன்று ஒத்திகை அறையில் மூவருக்கும் பெரிய வாக்குவாதம்.

"இனிமே கதவை மூடி வாசிக்க மாட்டேன்," என்றாள் நாச்சியார். "அவங்க கேட்கிறாங்களா, இல்ல போக முடியாம நிக்கிறாங்களான்னு எனக்கே தெரியல. மைய மண்டபத்துல வைப்போம். எல்லாக் கதவும் திறந்திருக்கட்டும். பிடிச்சவன் இருக்கட்டும், பிடிக்காதவன் போகட்டும்."

"ஒருத்தனும் வர மாட்டான் அக்கா. வந்தாலும் துளியைப் போட்டுக்கிட்டு நிப்பான். பருவம் முடியப்போகுது. இந்த அறையும் போயிடும்."

"போகட்டும்."

எட்வின் மைமூனைப் பார்த்தான். அவள் தன் முன்கையைப் பிசைந்துகொண்டே, "அந்தப் பொண்ணு என் வகுப்புல படிச்சவ. எனக்கும் இனிமே அங்க கை ஓடாது," என்றாள்.

நாச்சியார் மண்டபக் கச்சேரிக்கென்று புதிதாக ஒன்றை அமைத்தாள். மெதுவாகத் தொடங்கி, நெடுநேரம் தாழ்ந்தே நடந்து, கடைசியில்தான் வெடிக்கும். லிஃப்டில் வாசித்ததைவிட அது நல்லது என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருடம் வாசித்ததில் இப்படி உறுதியாகத் தெரிந்தது அதுவே முதல்முறை.

மைய மண்டபம் நிரம்பி வழிந்தது. எட்வினால் நம்பவே முடியவில்லை. கதவுகள் நான்கும் அகலத் திறந்திருந்தன. யாரும் போகவில்லை, இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். மூவரும் தங்கள் செவித்துளியை அணைத்துக்கொண்டு மேடையேறினார்கள். நாச்சியார் முதல் சுரத்தைத் தொட்டாள். கூட்டம் கண்களைப் பாதி மூடி அப்படியே உறைந்து நின்றது. அவள் அந்த முகங்களைப் பார்த்தாள். போக முடிந்தும் போகாமல் நிற்கிறார்கள்!

இரண்டாம் சுற்றில், கிதார் இன்னும் கிசுகிசுத்துக்கொண்டிருக்கும்போதே, மண்டபம் முழுவதும் கைதட்டி ஒன்றாக எழும்பி மிதந்தது.

பிடித்திருக்கிறது போலும் என்று நினைத்து அவள் தொடர்ந்தாள். ஆனால் வாசிப்பு உச்சத்துக்கு ஏறி, மைமூனின் கைகள் நரம்பு புடைக்க மேளத்தை விளாசியபோது, கூட்டம் சோகமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பிறகு ஒரு காரணமுமில்லாமல் சிரித்தது.

முதலில் நிறுத்தியவள் மைமூன். யாரும் கவனிக்கவில்லை. நாச்சியாரும் எட்வினும் கையை எடுத்தார்கள். மேடையில் சத்தமே இல்லை. மண்டபத்திலோ அத்தனை தலைகளும் ஒரே தாளத்தில் அசைந்துகொண்டிருந்தன. ஆளுக்கொரு தாளமாக அசைந்து திரிந்த அந்த ஊரில் எல்லோரும் ஒரே தாளத்துக்கு அசைவதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

அவள் மேடையிலிருந்து இறங்கி, முன்வரிசையில் நின்ற கனகவேலின் முகத்துக்கு நேரே போய் நின்றாள்.

"நிறுத்திட்டோம், கனகவேல்."

"அப்படியா? கவனிக்கலையேம்மா," என்றார் அவர், தூக்கத்திலிருந்து எழுந்தவர்போல.

"என்ன கேட்டுக்கிட்டு இருக்கீங்க?"

"உங்களைத்தான்! முதல்நாள் லிஃப்ட்ல வாசிச்சீங்களே, அது. சமிக்ஞை அறுந்தா துளி தானாப் பதிவு பண்ண ஆரம்பிச்சிடும், விபத்து விசாரணைக்காக. அந்தப் பதிவுதான் இப்போ ஊர் முழுக்கச் சுத்துது. சாப்பிடும்போது, தூங்கும்போதெல்லாம் அதுதான். இன்னிக்கு எல்லாரும் ஒரே நேரத்துல ஆரம்பிக்கணும்னு பேசிவெச்சோம்." அவர் குரலில் பெருமை தெரிந்தது.

"நாங்க நேர்ல இங்க நிக்கிறோமே?"

"அதுதானேம்மா விசேஷம்! பதிவை வீட்டுலயும் கேட்கலாம். உங்களைப் பார்த்துக்கிட்டே கேட்கிற மாதிரி வருமா?"

"நான் புதுசா ஒண்ணு வாசிச்சேன்."

"நிஜமாவா? அதையும் பதிவு பண்ணிக் குடுங்க. வீட்டுக்குப் போய் நிதானமாக் கேட்கிறேன்." பிறகு பதறி, "மேலே போய் நில்லுங்கம்மா. அந்தக் கிதார் இடம் வரப்போகுது. நீங்க இங்க நின்னா நல்லாயிருக்காது," என்றார்.

அவள் மேடைக்குத் திரும்பி இருவரிடமும் விஷயத்தைச் சொன்னாள்.  மைமூன் டிரம்ஸின் வெண்கலத் தட்டுகளின்மேல் இரண்டு குச்சிகளையும் முழு பலத்தோடு இறக்கினாள். ஒரு முகமும் திரும்பவில்லை. குச்சிகளைப் பையில் செருகிக்கொண்டு கூட்டத்தின் நடுவே நடந்து வெளியே போனாள். வழிவிட்டவர்களின் விரல்கள் பதிவில் ஒலித்த அவளுடைய தட்டலுக்குத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

"எட்வின், வா நாமளும் போகலாம்."

அவன் நகரவில்லை. ஒரு விரலால் காதுக்குப் பின்னால் அழுத்தியபடி கண்மூடி நின்றான். அவள் அவன் முகத்துக்கு நேரே வந்ததும் மலர்ச்சியோடு கண் திறந்தான்.

"அக்கா, நீங்களும் துளியைப் போட்டுக் கேளுங்களேன். அன்னிக்கு என்னமா வாசிச்சிருக்கோம்!"

வலப்பக்கத்துக் கதவருகே வாரிய அதிகாரி நின்றிருந்தார். எத்தனை பேர் கடைசிவரை இருக்கிறார்கள் என்று பார்க்க வந்தவர், எண்ணுவதை மறந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒத்திகை அறை இனி பத்திரம். திறந்த கதவுக்கு வெளியே தாழ்வாரம் வெறிச்சென்று கிடந்தது. நாச்சியார் அந்தப் பக்கம் ஓரடி எடுத்துவைத்தாள்.

அப்போது அவள் வாசிக்காத கிதார் இடம் முடிந்தது. மண்டபம் முழுவதும் தரையைவிட்டு எழும்பி ஆரவாரித்தது. ஆயிரம் முகங்கள் நன்றியோடு அவளையே பார்த்தன. மிதந்தவர்கள் மெல்லத் தரையிறங்கும்வரை அவளால் கதவின் பக்கம் திரும்ப முடியவில்லை.

கிதாரை மார்போடு அணைத்துக்கொண்டு, நாச்சியார் குனிந்து வணங்கினாள்.